பல்சரில் ஹீற்றர் ஜக்கெற்: எத்தனை ஆம்பியர் பியூஸ் போடலாம்?

நல்லூர்_பல்சர்

வணக்கம் எல்லோருக்கும். பொங்கல் முடிய நாங்கள் நாலு பேர் பைக்கில் நுவரெலியா போக இருக்கிறோம். ஏ9 பிடித்துக் கண்டி, அங்கிருந்து கம்பளை, றம்பொடை வழி. ரொறன்ரோவில் இருக்கும் சித்தியின் மகன் தான் பாவித்த ஹீற்றர் ஜக்கெற் ஒன்றை ஊருக்கு வந்தவர்களிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். மேல் ஜக்கெற்றுக்கு உள்ளே போடுகிற மெல்லிய சாமான். முதுகு, நெஞ்சு, கொலர் மூன்றிலும் சூடேறும். லேபிளில் 12 வோல்ற், 65 வாற் என்று போட்டிருக்கிறது. பற்றரியில் கொழுவுகிற வயர் மட்டும் வரவில்லை. அதை இங்கேதான் செய்ய வேண்டும்.

பைக் பல்சர் 150, கார்புரேற்றர் மொடல். பற்றரி 12 வோல்ற், 8 ஆம்பியர் மணி. கராஜில் கேட்டால், "20 போடு தம்பி, வழியில் பியூஸ் போனால் கரைச்சல்" என்கிறார். நண்பன் ஒருவன், "65ஐ 12ஆல் பிரி, 5.4 வரும், 5 காணும்" என்கிறான். எது சரி?

ஸ்ரான்லி_வீதி

10 போடுங்கள். தட்டைக் கால் உள்ள பிளேட் பியூஸ், சிவப்பு நிறம். எங்கள் வீதியில் எந்தப் பாட்ஸ் கடையிலும் கிடைக்கும். பியூஸ் போடுகிற கூட்டையும் சேர்த்து வாங்குங்கள், மூடி உள்ளதாக, ரப்பர் வளையம் வைத்தது. கண்ணாடிக் குழாய் பியூஸ் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பைக் அதிர்வில் அந்த ஸ்பிரிங் கூடு கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும்.

கோண்டாவில்_குரு

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? என் டிஸ்கவர் பைக்கில் எக்ஸ்ட்ரா லைற்றுக்குப் பியூஸ் போய்க்கொண்டே இருந்தது. சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகினேன். கனகாலமாக ஓடுகிறது, ஒரு பிரச்சினையும் இல்லை.

சுன்னாகம்_வயர்மன்

நல்லூர் தம்பி, கராஜ்காரர் சொன்ன காரணத்தை இன்னொருதரம் வாசியுங்கள். பியூஸ் போகக்கூடாது என்பதற்காக 20. அந்தச் சாமானை அங்கே வைப்பதே தேவைப்படும்போது போகட்டும் என்றுதான்.

பியூஸ் ஜக்கெற்றைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்றத்தான். ஜக்கெற் தனக்கு வேண்டிய அளவுதான் இழுக்கும். வயர் எங்காவது உரசிச் சட்டத்தில் முட்டினால் இழுப்பது பற்றரி முழுவதும். சின்னப் பற்றரிதான், ஆனாலும் நேரே சோர்ட் ஆனால் நூறு ஆம்பியர் அளவில் ஒரு தரம் கொட்டும். மெல்லிய வயர் அந்த நேரம் சிவந்து, மேலுறை உருகி, பக்கத்தில் ஓடும் வயர்களையும் கூட்டிக்கொண்டு போகும். அதற்கு மேலே பெற்றோல் ராங்கி இருக்கிறது.

அதனால் கணக்கு இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கீழ் எல்லையை ஜக்கெற் சொல்லும், மேல் எல்லையை வயர் சொல்லும்.

முதலில் ஜக்கெற். உங்கள் நண்பன் பிரித்தது சரி, ஆனால் 12 வோல்ற் என்பது லேபிளில் மட்டும்தான். எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையில் 14 வரை நிற்கும். ஜக்கெற் வெறும் சூட்டுக் கம்பி, வோல்ற் கூடினால் அதுவும் கூட இழுக்கும். 12 வோல்றில் 65 வாற் என்றால் அதன் தடை ஏறக்குறைய 2.2 ஓம். 14 வோல்றில் அது 6.3 ஆம்பியர் இழுக்கும், 88 வாற் சூடு தரும். 5 ஆம்பியர் பியூஸ் இதற்குத் தாங்காது. உடனேயும் போகாது, கிளிநொச்சி தாண்டப் போகும். சரி, 7.5 போட்டால்? தொடர்ந்து மணிக்கணக்காக ஓடுகிற சுமை பியூஸின் அளவில் முக்கால் பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது வழக்கம். 7.5இன் முக்கால் 5.6தான். நாங்கள் 6.3இல் நிற்கிறோம். அடுத்த அளவு 10. அதன் முக்கால் 7.5. பொருந்துகிறது.

இனி வயர். 10 ஆம்பியர் பியூஸுக்குப் பின்னால் 1 சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்த வயர் போடாதீர்கள். நான் என்றால் ஒன்றரை வயர் போடுவேன். பல இழை உள்ள மெதுவான வயர்; வீட்டுச் சுவருக்குள் போடுகிற விறைத்த வயர் அதிர்வில் ஒரு நாள் உள்ளுக்குள் முறியும், வெளியே தெரியாது. பற்றரியிலிருந்து உங்கள் இடுப்புவரை போய் வர மொத்தம் 3 மீற்றர் என்று வைத்தால், முக்கால் (0.75 சதுர மில்லிமீற்றர்) வயரில் கிட்டத்தட்ட 0.45 வோல்ற் வழியிலேயே தொலையும். ஒன்றரையில் அதில் பாதி.

குரு தம்பி, வெள்ளித்தாள் எத்தனை ஆம்பியர்? அதற்கு ஒரு எண்ணே இல்லை. பிரச்சினை வரவில்லை என்றால் உங்கள் வயர் இன்னும் எங்கும் முட்டவில்லை என்று மட்டும்தான் பொருள்.

கோண்டாவில்_குரு

சரி அண்ணை, அடிக்காதீர்கள். ஆனால் ஒரு கேள்வி. 10 ஆம்பியர் பியூஸ் என்றால் 10இல் போய்விடும்தானே? 11 வந்தாலே அறுந்துவிட்டால் றம்பொடையில் குளிரில் நிற்க வேண்டியதுதானே?

சுன்னாகம்_வயர்மன்

இல்லை, அங்கேதான் பலருக்குக் குழப்பம். 10 என்று எழுதிய பிளேட் பியூஸ் 11 ஆம்பியரில் 100 மணிநேரம் தாங்க வேண்டும் என்பதுதான் தரக் கட்டளை. 13.5இல் ஒரு வினாடிக்குள்ளும் போகலாம், 10 நிமிடம் எடுத்தும் போகலாம். 20 ஆம்பியர் வந்தால் 5 வினாடிக்குள் போயே ஆகவேண்டும். இப்போது 20 ஆம்பியர் பியூஸை யோசியுங்கள். அது 5 வினாடிக்குள் போக 40 ஆம்பியர் வேண்டும். 22இல் பேசாமல் இருக்கும். முக்கால் வயரில் 22 ஆம்பியர் பேசாமல் ஓடட்டும், சீற்றைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

ரொறன்ரோ_குளிர்

தம்பி, நான் இங்கே ஒக்ரோபர் கடைசிவரை இந்த மாதிரி ஜக்கெற்றோடுதான் ஓடுகிறேன். இரண்டு விசயம்.

ஒன்று, வந்தது உண்மையிலேயே 12 வோல்ற் சாமான்தானா என்று லேபிளை இன்னொருதரம் பாருங்கள். இங்கே மூன்று வகை விற்கிறது. பைக்கில் கொழுவுவது 12. தன் சொந்தப் பற்றரியோடு வருவது 7.4. போன் பவர் பாங்கில் ஓடுவது 5. கடைசி இரண்டையும் பைக்கில் நேரே கொழுவினால் பியூஸ் எந்த அளவில் இருந்தாலும் ஜக்கெற் போய்விடும், சில நேரம் போட்டிருப்பவரின் முதுகும் சேர்ந்து போகும்.

இரண்டு, சூட்டைக் கூட்டிக் குறைக்கிற கொன்ரோலர். சித்தியின் மகனிடம் கேளுங்கள், அது இல்லாமல் ஓடியிருக்க மாட்டான். அது இருந்தால் பாதியில் வைத்துக்கொள்ளலாம். பாதியில் வைத்தால் 7.5 பியூஸ் காணும்தானே வயர்மன் அண்ணை?

சுன்னாகம்_வயர்மன்

காணாது என்றுதான் எடுக்க வேண்டும். அந்தக் கொன்ரோலர் மின்னைக் குறைப்பதில்லை, போட்டுப் போட்டு நிறுத்துகிறது. போட்டிருக்கும் கணத்தில் முழு 6.3 ஆம்பியரும் ஓடும். பாதியில் வைத்தால் பியூஸுக்கு 4.5 மாதிரித் தெரியும், அதற்கு 7.5 தாங்கும். ஆனால் மலையில் விரல் விறைத்தவன் பாதியில் வைத்திருப்பானா? முழுவதும் திருப்பித்தான் வைப்பான். பியூஸை முழு அளவுக்கே கணக்கிடுங்கள்.

ஹற்றன்_லயம்

யாழ்ப்பாணத்து அண்ணன்மார் குளிரைப் பற்றிப் பேசுறதைப் பார்க்கச் சந்தோசமா இருக்கு. மார்கழி வாடைக்கே நீங்க காதை மூடிக்கிட்டுத் திரியிறதைப் பார்த்திருக்கேன்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தை, மாசியில விடியக்காலம் பத்துப் பாகைக்குக் கீழ போறது சாதாரணம், சில நாள் புல்லுல வெண்பனி பிடிச்சுக் கிடக்கும். பகல்ல வெயில் நல்லா அடிக்கும், ஜக்கெற் தேவைப்படாது. உங்களுக்குத் தேவைப்படுறது பின்னேரம் றம்பொடை ஏறும்போதும், விடியக்காலம் இறங்கும்போதும்தான். கண்டி வரைக்கும் அதைப் பையில வச்சிருங்க. இன்னொன்னு, மூடுபனி வந்தா ஹெட்லைற், பின் லைற் ரெண்டும் முழுசா எரியணும். ஜக்கெற்றுக்காக லைற் மங்கினா வளைவுல பஸ்காரனுக்கு உங்களைத் தெரியாது.

ரொறன்ரோ_குளிர்

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 8 பாகையில் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் உடம்புக்கு 2 பாகை மாதிரித்தான் படும். காற்றுப் புகாத மேல் ஜக்கெற் இல்லாவிட்டால் உள்ளே 88 வாற் எரித்தும் அரைவாசி றோட்டுக்குத்தான்.

சுன்னாகம்_வயர்மன்

ஹற்றன் தம்பி நல்ல இடத்தில் தொட்டார். பியூஸ் கேள்வியில் எல்லோரும் நிற்கிறோம், பெரிய கேள்வி அதற்கு முன்னால் இருக்கிறது. இந்த 88 வாற்றைப் பல்சர் தருமா?

பற்றரி கிணறு, எஞ்சின் ஓட மின் தருகிற ஸ்ரேற்றர் ஊற்று. ஊறுகிறதைவிடக் கூட இறைத்தால் எந்தக் கிணறும் வற்றும். ஹெட்லைற் 35 வாற், பின் லைற், பிரேக் லைற், இக்னிஷன் எல்லாம் ஏற்கனவே அதே கிணற்றில்தான் இறைக்கின்றன. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலம் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. அந்த டைனமோ 6 வோல்ற் 3 வாற். மிதிப்பவன் களைத்தால் செய்தி நிற்கும். சின்ன மெசினில் எவ்வளவு வரும் என்பது எங்கள் வயது ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

புத்தகத்தில் எழுதியிருக்கிற எண்ணைத் தேட வேண்டாம், அளந்து பாருங்கள். மீற்றரைப் பற்றரி முனைகளில் வையுங்கள். எஞ்சின் நிற்கும்போது நல்ல பற்றரி 12.6 காட்டும். பிறகு ஸ்ரார்ட் செய்து, ஹெட்லைற் போட்டு, ஜக்கெற்றையும் கொழுவி, ஐடிலில் ஒரு தரம், ஓடுகிற வேகத்துக்கு அக்சிலேற்றரைப் பிடித்து ஒரு தரம் பாருங்கள். 13.2க்கு மேலே நின்றால் சரி. 12.8க்குக் கீழே போனால் பற்றரியிலிருந்து தின்கிறீர்கள்.

பருத்தித்துறை_அக்கா

நான் ஸ்கூட்டிக்காரி, எங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அப்பா எண்பதுகளில் கொழும்புக்குப் பைக்கில் போகும்போது நெஞ்சுக்கும் ஜக்கெற்றுக்கும் நடுவில் பேப்பரை மடித்து வைப்பார். அதற்கு எத்தனை ஆம்பியர் பியூஸ் என்று யாரும் கேட்கவில்லை.

பகிடி இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் என்ற முறையில் ஒன்று. பியூஸ் தோலைக் காப்பாற்றாது. ஜக்கெற்றுக்குள் கம்பி மடிந்து ஓரிடம் மட்டும் கூடச் சூடேறினால் இழுக்கிற ஆம்பியர் பெரிதாக மாறாது, பியூஸ் பேசாமல் இருக்கும். 44 பாகை சூடு தொடர்ந்து மணிக்கணக்காக ஓரிடத்தில் பட்டுக்கொண்டிருந்தாலே தோல் வெந்துவிடும். குளிரில் விறைத்த உடம்புக்கு அது உடனே தெரியவும் தெரியாது. வெறும் மேலில் போடாதீர்கள், உள்ளே ஒரு முழுக்கைச் சேட் இருக்கட்டும். நீரிழிவு உள்ளவர்கள் இரட்டிப்புக் கவனம். ஓரிடம் மட்டும் சுட்டால் உடனே கழற்றுங்கள், அடுத்த தேத்தண்ணிக் கடை வரட்டும் என்று இருக்காதீர்கள்.

நல்லூர்_பல்சர்

நன்றி அக்கா. ஓம், லேபிள் 12தான், கொன்ரோலரும் இருக்கிறதாம், அடுத்த ஆளிடம் கொடுத்து விடுகிறானாம்.

அளந்தேன். எஞ்சின் நிற்க 12.6. ஸ்ரார்ட் செய்து ஹெட்லைற்றோடு ஐடிலில் 13.3. ஜக்கெற்றைத் தற்காலிகமாகக் கொழுவினேன், ஐடிலில் 12.4க்கு இறங்கிவிட்டது. 4,000 சுற்றில் பிடித்தால் 13.4.

இன்னொரு பிரச்சினை. 10 ஆம்பியர் பியூஸ் போட்டேன். வீட்டு முற்றத்தில் நின்று பார்க்கும்போது சரி. ஏறி இருந்து கோயில் வீதியில் ஒரு சுற்று வந்தேன், பியூஸ் போய்விட்டது. புதியது போட்டேன், ஏறி இருந்த உடனே அதுவும் போய்விட்டது. 15 போட்டுப் பார்க்கவா?

சுன்னாகம்_வயர்மன்

போடாதீர்கள். போன பியூஸை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். நடுக்கம்பி அமைதியாக உருகி ஒரு சின்ன இடைவெளி மட்டும் விட்டிருக்கிறதா, இல்லை பிளாஸ்ரிக்கின் உள்பக்கம் கறுத்து மை பூசினது மாதிரி இருக்கிறதா?

நல்லூர்_பல்சர்

இரண்டும் உள்ளே கறுத்துத்தான் இருக்கின்றன. கம்பியின் துண்டுகூட மிச்சமில்லை.

சுன்னாகம்_வயர்மன்

அப்படியென்றால் அது சுமை கூடிப் போனது இல்லை, நேர் சோர்ட். சுமை கூடினால் மெதுவாக உருகிப் போகும், கறுக்காது. கூட்டின் ஒரு கால் மட்டும் உருகி மஞ்சளித்திருந்தால் அது மூன்றாவது வகை, கிரிம்ப் (வயர் முனையை நசுக்கிப் பிடித்த இடம்) தளர்ந்து அங்கேயே சூடேறுகிறது. உங்கள் கதை நேர் சோர்ட்தான்.

நிற்கும்போது போகவில்லை, ஏறி இருந்தால் போகிறது. சீற்றுக்குக் கீழே பாருங்கள். பூட்டு நாக்கு விழுகிற இடம், சீற்றின் அடித்தட்டு சட்டத்தில் உட்காருகிற ரப்பர் காலடி, இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

நல்லூர்_பல்சர்

அண்ணை, பூட்டு நாக்குத்தான். வயரின் மேலுறையில் நகத்தால் கிள்ளின அளவுக்கு ஒரு வெட்டு, உள்ளே செம்பு தெரிகிறது. வயரை மறுபக்கத்தால் எடுத்து, ஸ்லீவ் போட்டு, சட்டத்தோடு கட்டிவிட்டேன். ஏறி இருந்து குலுக்கிப் பார்த்தேன், 10 அப்படியே நிற்கிறது.

கோண்டாவில்_குரு

பார்த்தீர்களா, 20 போட்டிருந்தால் இந்தக் கரைச்சலே வந்திருக்காது.

சுன்னாகம்_வயர்மன்

வந்திருக்கும். இது முழு முட்டு, 20ம் போயிருக்கும். வித்தியாசம் அரைகுறை முட்டில்தான். செம்பின் இரண்டு இழை மட்டும் சட்டத்தைத் தொட்டு, நடுவில் ஊத்தையும் துருவுமாக இருந்தால் 15, 18 என்று ஆம்பியர் ஓடும். 10 அதைப் பிடித்துவிடும். 20 பிடிக்காது, அந்த இடம் பழுக்கும்.

நல்லூர் தம்பி, வயர் கொழுவுகிற ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். பியூஸ் கூடு பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். அந்த ஒரு சாண் வயரை எந்தப் பியூஸும் காக்காது, அதனால்தான் குறுக்கிப் பிடிக்கிறோம். பைக்கின் மெயின் பியூஸுக்குப் பிறகு வருகிற வயர் எதிலும் ஜக்கெற்றைக் கொழுவாதீர்கள். அங்கே மெயின் பியூஸ் போனால் லைற்றும் எஞ்சினும் சேர்ந்து நிற்கும், அதுவும் வளைவின் நடுவில்.

நடுவில் நாலு கால் ரிலே ஒன்று போடுங்கள், சின்ன மின்னால் பெரிய மின்னைப் போட்டு நிறுத்துகிற சுவிச் அது. கால்களில் எழுதியிருக்கும் எண்படி, 30க்குப் பியூஸிலிருந்து, 87இலிருந்து ஜக்கெற்றுக்கு, 85 ஏர்த், 86க்குச் சாவி போட்டால் மட்டும் மின் வருகிற ஒரு வயர். எது என்று மீற்றரால் பார்த்து எடுங்கள், நிறத்தை நம்பாதீர்கள். ரிலேயின் சுருள் இழுப்பது ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குதான், பைக் வயருக்குப் பாரமில்லை. தேத்தண்ணி குடிக்கப் போய்ச் சாவியை எடுத்தால் ஜக்கெற்றும் நிற்கும். வேலை முழுக்க முடியும்வரை பியூஸைச் செருகாதீர்கள், அது கடைசி.

உங்கள் எண்களைப் பற்றி: 4,000 சுற்றில் 13.4 என்றால் ஓடும்போது சமாளிக்கும். ஐடிலில் 12.4, அங்கே பற்றரி தேய்கிறது. கண்டி நகரத்துக்குள் நெரிசலில் நிற்கும்போது கொன்ரோலரை முழுக்கக் குறையுங்கள். கொன்ரோலர் வராவிட்டால் ஒரு சுவிச்சாவது கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

ஸ்ரான்லி_வீதி

கடைக்காரனாகச் சொல்லக் கூடாத ஒன்றையும் சொல்கிறேன். சந்தையில் போலிப் பிளேட் பியூஸ் நிறைய. 10 என்று அச்சடித்திருக்கும், கம்பி தடித்திருக்கும், 20இலும் போகாது. சோதிப்பது லேசு. 60/55 கார் ஹெட்லைற் பல்ப் ஒன்றின் இரண்டு இழையையும் சேர்த்துக் கட்டினால் 9.5 ஆம்பியர் அளவில் இழுக்கும். அதே பெட்டியில் உள்ள 5 ஆம்பியர் பியூஸ் ஒன்றை அந்த வழியில் வைத்து, கார்ப் பற்றரியில் கொழுவுங்கள். ஏழெட்டு வினாடிக்குள் போகாவிட்டால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். பியூஸைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள், சுடும்.

குருநகர், பருத்தித்துறைப் பக்கம் கடலோரம் இருப்பவர்கள் கூட்டுக்குள் கொஞ்சம் கிறீஸ் தடவுங்கள். உப்புக்காற்றில் செம்பு களிம்பு பிடித்துத் தடை கூடும். பியூஸ் நல்லதாகவே இருக்கும், ஜக்கெற்றுக்கு மட்டும் சூடு வராது. ஆட்கள் ஜக்கெற் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள்.

நல்லூர்_பல்சர்

ரிலே வாங்கிவிட்டேன். கடைசிக் கேள்வி. கூட வருகிறவனிடம் ஹீற்றர் கையுறை இருக்கிறது, சோடி 24 வாற். மலையில் ஏறும்போது அதை நான் போடுவதென்றால் இதே 10இல் சேர்த்துக் கொழுவலாமா? அவன் 15 ஆக்கு என்கிறான்.

சுன்னாகம்_வயர்மன்

கையுறை 14 வோல்றில் 2.3 ஆம்பியர். ஜக்கெற்றோடு சேர்த்தால் 8.6, பத்தின் முக்காலைத் தாண்டும். 15 போட்டால் கணக்குச் சரிதான், ஒன்றரை வயரும் தாங்கும். ஆனால் கையுறைக்குப் போகிற அந்த மெல்லிய வயரைப் பாருங்கள், அது 15ஐத் தாங்குகிற வயர் இல்லை. ரிலேயின் 87இலிருந்து கையுறைக்குத் தனி வழி எடுத்து, அந்த இடத்திலேயே 5 ஆம்பியர் ஒன்று போடுங்கள், வெளிர் மண்ணிறம். முன்னால் பற்றரிப் பக்கம் 15, ஜக்கெற் வழிக்கு உங்கள் பழைய 10, கையுறைக்கு 5. மூன்று கூடு வரும், சீற்றுக்குக் கீழே இடம் இருக்கிறது.

ஆனால் உங்கள் ஸ்ரேற்றருக்கு இது 30 வாற் கூடுதல் பாரம். கையுறையையும் கொழுவி 4,000இல் இன்னொருதரம் அளந்துவிட்டு எண்ணை இங்கே போடுங்கள். 13க்குக் கீழே போனால் ஜக்கெற்றைப் பாதியில் வைத்தால்தான் கையுறை.

நல்லூர்_பல்சர்

இரண்டும் முழு அளவில் 12.9. ஜக்கெற் பாதியில், கையுறை முழுதும் என்றால் 13.3. கையுறையை றம்பொடைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஸ்ரான்லி வீதி அண்ணை, 5, 10, 15 ஒவ்வொன்றிலும் இரண்டு எடுத்து வையுங்கள், சனிக்கிழமை வருகிறேன்.

ஸ்ரான்லி_வீதி

வாருங்கள். பல்ப்பும் பற்றரியும் மேசையில் இருக்கும், உங்கள் முன்னாலேயே ஒன்றை எரித்துக் காட்டிவிட்டுத் தருகிறேன்.